நூற்றுப் பதினான்கு தோல்விகள்

223 ஆட்டங்கள். 108 வெற்றி, 114 தோல்வி, ஒன்று சமன். ஏறக்குறைய பத்தாண்டுகள் ஒரே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரின் கணக்கு இது. அந்தப் பத்தாண்டில் கோப்பை ஒன்றுகூட இல்லை. அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தைப் புரட்டிப் பார்த்தால் அது இன்னும் வலிக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே அணியின் பட்டியலில் பெயர் இருந்தது. இறங்கி ஆடியது 82 ஆட்டங்கள்தான். அந்த அணி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கோப்பையைத் தூக்கியபோது, இரண்டு இறுதி ஆட்டத்திலும் அவர் களத்தில் இல்லை.

இந்த மனிதரைத்தான் 2025ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியர் என்று அந்த நாடு தேர்ந்தெடுத்தது. பெயர் நீல் டேனிஹர்.

தம்பி, தங்கையே, உன் தோல்விகளை எண்ணிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாய் என்றால், எழுந்து வா. உன் பட்டியலையும் கையோடு கொண்டு வா. தேர்வில் போனது, வேலையில் போனது, உடம்பு கைவிட்டது, எல்லாவற்றையும் கொண்டு வா. டேனிஹரின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தோற்றவன் கதை முடிந்துவிட்டது என்று உன் காதில் ஓதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உங்காரி என்றொரு சிற்றூர். கோதுமையும் ஆடும் வளர்கிற பூமி. சில நூறு பேர் வாழும் அந்த ஊரைச் சேர்ந்த, பதினொரு பிள்ளைகள் கொண்ட ஒரு விவசாயக் குடும்பத்தில் 1961இல் பிறந்தவர் நீல். ஏழு பெண்கள், நீலையும் சேர்த்து நான்கு ஆண்கள். அந்த மாநிலத்தில் ரக்பிதான் ராஜா. 'ஃபூட்டி' என்று செல்லமாக அழைக்கப்படும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் தலைநகரம் பக்கத்து மாநிலத்து மெல்போர்ன். அந்தப் பெருநகரத்தின் எஸ்ஸெண்டன் அணிக்கு இந்த ஒரே வீட்டிலிருந்து டெரி, நீல், ஆண்டனி, கிறிஸ் என்று நான்கு பேர் போய் ஆடினார்கள். இன்று உங்காரிக்குப் போனால், அந்தக் குடும்பத்தின் நினைவாக நிற்கும் ராட்சதப் பந்துச் சிலையைப் பார்க்கலாம்.

இந்த ஆட்டத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அதனால் இரண்டு வார்த்தை. கிரிக்கெட் ஆடுகிற பெரிய வட்ட மைதானம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். முட்டை வடிவப் பந்து. இரு முனையிலும் நான்கு நான்கு உயரமான கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலும் ஒரு புள்ளி உண்டு. ஓடுகிற ஓட்டத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பந்தைப் பிடிப்பார்கள். விழுந்து எழுவார்கள். கால் ஒரு பக்கம் ஊன்றியிருக்க உடம்பு மறுபக்கம் திரும்பும். முழங்காலை முறுக்கிப் பார்க்கிற ஆட்டம் அது.

1979இல் எஸ்ஸெண்டனுக்கு ஆட வந்தபோது நீலுக்குப் பதினெட்டு வயது. முதல் மூன்று ஆண்டு ஆட்டம் பொறி பறந்தது. 1981இல் கார்ல்டன் அணிக்கு எதிராக ஓர் ஆட்டம். முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது எஸ்ஸெண்டன் நான்கு கோலுக்கும் மேல் பின்தங்கிக் கிடந்தது. அந்தச் சில நிமிடங்களில் நீல் கோல்மேல் கோல் அடித்தார். வெற்றிக்கான கடைசி கோலும் அவருடையதே. ஒரே ஒரு புள்ளியில் எஸ்ஸெண்டன் வென்றது. அந்த ஆண்டு அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அடுத்த ஆண்டுக்கு அவரையே கேப்டனாக அறிவித்தார் பயிற்சியாளர் கெவின் ஷீடி. இருபது வயதில் கேப்டன்!

அப்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

கேப்டன் என்று பெயர் அறிவிக்கப்பட்ட அந்தப் பருவத்தில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அறுவை சிகிச்சை. தேறினார், ஓடினார், திரும்பவும் முழங்கால் போனது. திரும்பவும் அறுவை. ஆண்டுகள் இப்படியே போயின. 1984இல் எஸ்ஸெண்டன் கோப்பை வென்றது. 1985இல் மறுபடி வென்றது. இரண்டு முறையும் கேப்டனாக நின்று கோப்பையை உயர்த்தியவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த அண்ணன் டெரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். நம்மில் பலர் உடைந்து போவது சரியாக இங்கேதான். தோல்வியைத் தாங்கிவிடலாம். நமக்கென்று இருந்த இடத்தில், கூடப் பிறந்தவரே வென்று நிற்பதைக் கைதட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதைத் தாங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். உன்னோடு படித்தவன் அதிகாரியாகிவிட்டான், உன் தங்கைக்கு முதலில் வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் எல்லோரும் இனிப்பு சாப்பிடுகிறார்கள், நீயும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போடுகிறாய். அது தொண்டையில் இறங்காத அந்த நொடியில் தெரியும் உன் தன்னம்பிக்கை எவ்வளவு என்று. மேடையில் மாலை விழும்போது வருகிற தைரியம் எல்லோருக்கும் வரும். மாலை பக்கத்து ஆள் கழுத்தில் விழும்போது, மறுநாள் காலை எழுந்து முடக்கப்பட்ட காலை மடக்கி நீட்டப் பழகுகிறானே, அவனிடம் இருப்பதைத்தான் நான் தன்னம்பிக்கை என்பேன்.

நீல் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார். அந்த 82 ஆட்டங்களில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளில் ஆடியவை. பிறகு வந்த ஒன்பது ஆண்டுகளில் கிடைத்தவை சொற்பம். அந்தச் சொற்பத்தில் 1990ஆம் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்காக நான்கு டேனிஹர்களும் ஒன்றாக இறங்கி, ஆட்டத்தின் தாய்வீடான விக்டோரியாவையே வீழ்த்தினார்கள். அதே ஆண்டு எஸ்ஸெண்டன் சீருடையிலும் நால்வரும் ஒரே ஆட்டத்தில் ஆடினார்கள். ஃபூட்டியின் உச்சப் போட்டித் தொடரில் நான்கு சகோதரர்கள் ஒன்றாக ஆடியது அதுதான் முதல் முறை. 1985இலேயே 'என் கால் அவ்வளவுதான்' என்று நீல் வீட்டுக்குப் போயிருந்தால், அந்தப் படத்தில் மூன்று பேர்தான் நின்றிருப்பார்கள்.

ஆட்டம் முடிந்தது. கால் ஓய்ந்தது. இனி என்ன?

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்டுகளும் வீணாகப் போனவை என்று ஊர் நினைத்திருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. ஓடுகிறவனுக்குப் பந்து தெரியும்; ஓட முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மைதானம் முழுவதும் தெரியும். யார் எங்கே தளர்கிறான், எவன் பயத்தை மறைக்கிறான், எந்த மூலை காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் கண்ணில் படும். நீல் பயிற்சியாளர் ஆனார். முதலில் எஸ்ஸெண்டனில் உதவிப் பயிற்சியாளர். பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாட்டின் மேற்குக் கரையில் 1995இல் புதிதாகக் களமிறங்கிய ஃபிரிமாண்டில் அணியில் உதவிப் பயிற்சியாளர். பெயர் பெற்ற பழைய அணியை விட்டு, வரலாறே இல்லாத அணிக்கு, இரண்டாம் இடத்து வேலைக்குப் போனார். இருபது வயதில் கேப்டன் என்று அறிவிக்கப்பட்ட மனிதர் அவர். அந்தப் பழைய பெருமையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வேலை எங்கே இருந்ததோ அங்கே போனார்.

1998இல் மெல்போர்ன் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. எப்படிப்பட்ட அணி அது? 1858இல் தோன்றியது, உலகத்தின் மிகப் பழைய ஃபுட்பால் கழகங்களில் ஒன்று. ஆனால் 1964க்குப் பிறகு கோப்பையே இல்லை. 1996இல் பணம் இல்லாமல் இன்னோர் அணியான ஹாதார்னோடு இணைந்துவிடலாம் என்று தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. மெல்போர்ன் உறுப்பினர்கள் சரி என்றார்கள். ஹாதார்ன் உறுப்பினர்கள் வேண்டாம் என்றதால்தான் அந்தப் பெயர் பிழைத்தது. 1997இல் பதினாறு அணிகளில் பதினாறாவது இடம். தன் மீதே நம்பிக்கை இழந்து, அழிந்துபோகத் தானே கையெழுத்துப் போட்ட அணி!

அந்த அணியைக் கையில் எடுத்த முதல் ஆண்டே, கடைசி இடத்திலிருந்து முதல் நான்குக்குள் கொண்டுவந்தார் நீல். இறுதிச் சுற்றில் அடிலெய்டை வீழ்த்தினார்கள். அந்த ஆண்டு கடைசியில் கோப்பையை வாங்கியதே அந்த அடிலெய்டுதான். இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே, அரையிறுதியில்தான் நின்றார்கள். ஓராண்டுக்கு முன் கடைசி இடத்தில் கிடந்த அணி!

2000இல் அந்த ஒரு படியையும் ஏறினார்கள். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் இறுதி ஆட்டம். எதிரே நின்றது எஸ்ஸெண்டன். அவரை வளர்த்த அணி. அவரைக் கேப்டனாக்கிய அதே ஷீடி, எதிரணியின் பயிற்சியாளர். அந்த ஆண்டு முழுக்க ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த எஸ்ஸெண்டன், 135க்கு 75 என்று மெல்போர்னை நசுக்கியது. அறுபது புள்ளி வித்தியாசம்.

வருத்தம் இல்லையா? இருந்திருக்கும். ஆட்டக்காரராகத் தவறவிட்ட கோப்பையைப் பயிற்சியாளராக எட்டிப் பிடிக்கப் போய், பழைய வீட்டுக்காரர்களிடமே பறிகொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனாலும் மறுபருவம் அவர் பயிற்சிக்கு வந்தார். 2002, 2004, 2005, 2006 என்று அணியை மறுபடி மறுபடி இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவந்தார்.

இந்த வரிசையில் 2005ஐ நான் அவ்வளவு எளிதில் கடந்து போக மாட்டேன். 2004 டிசம்பர் 26. அந்தத் தேதியை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாகையிலும் வேளாங்கண்ணியிலும் முல்லைத்தீவிலும் நம் மக்களைக் கொண்டுபோன அதே கடல், தாய்லாந்தின் பீபீ தீவில் மெல்போர்ன் அணியின் ஆட்டக்காரர் டிராய் பிராட்பிரிட்ஜையும் கொண்டுபோனது. இருபத்து நான்கு வயது. மணம் முடித்த கையோடு மனைவியுடன் தேனிலவுக்குப் போயிருந்தார். மனைவி பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. பயிற்சியாளருக்கு வியூகம் கற்றுத்தர ஆள் உண்டு. உடைமாற்றும் அறையில் ஓர் இருக்கை காலியாகிவிட்டால், மிச்சமிருக்கிற இருபது வயதுப் பையன்களை எப்படி மைதானத்துக்கு அனுப்புவது என்று யார் கற்றுத்தருவார்? அந்தப் பருவத்தில் அவர்கள் இறுதிச் சுற்றுவரை ஆடினார்கள். பிராட்பிரிட்ஜின் பெயரில் தாய்லாந்தில் ஒரு கல்வி மையம் எழுந்தது. அந்த ஆண்டு மெல்போர்ன் கோப்பை வாங்கவில்லை என்று புள்ளிவிவரப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை நான் மூடி வைக்கிறேன்.

2007இல் தொடக்கமே சறுக்கல். வரிசையாக ஒன்பது தோல்விகள். பருவத்தின் பாதியிலேயே நீல் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு வெஸ்ட் கோஸ்ட் அணியில் நிர்வாக வேலை.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கையில் இருந்தது 108, 114 என்ற இரண்டு எண்கள். இதை வைத்து இவரைத் தோற்றவர் என்று யாராவது எழுதினால் கணக்கு சரிதான். ஆனால் கலைந்துபோக வாக்களித்த ஒரு கழகத்துக்குத் தன்னை மறுபடி நம்பக் கற்றுக்கொடுத்தது எந்தக் கட்டத்தில் வரும்? எண்கள் உண்மை. அவை முழு உண்மை இல்லை. உன் மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான்! அதைக் கிழிக்க வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அது உன்னைப் பற்றிய ஒரு தாள். ஒரே ஒரு தாள்.

2013இல் நீலுக்கு 52 வயது. மருத்துவர்கள் சொன்ன பெயர், மோட்டார் நியூரான் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் உட்காரவைத்த அதே நோய். தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். பலருக்கு முதலில் கையோ காலோ சொன்னதைக் கேட்காது. பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. பெரும்பாலும் அறிவு தெளிவாகவே இருக்கும். உடம்பு கையை விட்டுப் போவதை அது உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலோருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று ஆண்டுகள்தான். குணப்படுத்த மருந்து கிடையாது.

இங்கே ஒன்றைக் கோபமாகவே சொல்லிவிடுகிறேன். 'நம்பு, நோய் ஓடிவிடும்' என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதே. படுக்கையில் கிடக்கிறவரிடம் போய் 'உங்களுக்கு மனத்தைரியம் போதவில்லை' என்று சொல்வது கொடுமை. நீலின் நம்பிக்கை அவருடைய நரம்பணு ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. கை போனது. பேச்சும் போனது. நோயை அவர் 'மிருகம்' என்றே அழைத்தார். அதைத் தன்னால் வெல்ல முடியாது என்று தெரிந்தே அதோடு சண்டைக்கு இறங்கினார். வெல்வோம் என்று தெரிந்தால் கோழையும் களத்தில் இறங்குவான்!

2014இல் தன் நோயை நாட்டுக்கே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, தானும் அதே நோயில் இருந்த மருத்துவர் இயன் டேவிஸ், பாட் கன்னிங்ஹாம் ஆகிய இருவரோடும் சேர்ந்து, இன்று 'ஃபைட் எம்.என்.டி.' என்று அறியப்படும் அறக்கட்டளையைத் தொடங்கினார். அப்போது மூவரும் போட்ட கணக்கில் தங்கள் உயிர் இல்லை. மருந்து வர எத்தனை ஆண்டாகும் என்று மருத்துவரான டேவிஸுக்குத் தெரியாதா? இனிமேல் நோய் வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக அவர்கள் கையேந்தினார்கள். டேவிஸ் 2018இல் அந்த நோயிலேயே இறந்தார். நீல் வேலையை நிறுத்தவில்லை.

எப்படிப் பணம் திரட்டினார்? தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்து இரண்டாம் திங்கள்கிழமை, அரசரின் பிறந்தநாள் விடுமுறையில், எம்.சி.ஜி.யில் மெல்போர்ன் அணியும் காலிங்வுட் அணியும் மோதும். அந்த ஊரில் அது நடுங்கவைக்கும் குளிர்காலம். 2015இல் அந்த ஆட்டத்துக்கு முன்னால், மைதான ஓரத்தில் உயரமான சறுக்குமரம் ஒன்று கட்டினார்கள். அதன் அடியில் பனிக்கட்டி மிதக்கும் தொட்டி. நாடறிந்த முகங்கள், பழைய ஆட்டக்காரர்கள், வேடமிட்டு வந்து, மேலிருந்து சறுக்கி அந்தத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தார்கள். அரங்கம் ஆரவாரித்தது. வாசலில் நீல நிறக் கம்பளித் தொப்பி விற்றார்கள். அது ஒரு நாள் கூத்தாக முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டும் நடந்தது, அதற்கடுத்த ஆண்டும் நடந்தது. சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நின்று வரவேற்ற நீலின் கைகள் ஓய்ந்துகொண்டே வந்தன. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. தொப்பி விற்பனை ஏறிக்கொண்டே போனது. பத்தாண்டில் ஆராய்ச்சிக்காகத் திரண்டது பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்!

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பயிற்சியாளர் மூளை. அவர் தொட்டியில் விழவில்லை, அடுத்தவரை விழவைத்தார். அவர் கோல் அடிக்கவில்லை, அடிக்கிறவர்களை வரிசையில் நிறுத்தினார். முழங்கால் போனபோது கற்ற வித்தை, உடம்பே போனபோது கைகொடுத்தது. இருபத்தொரு வயதில் மைதான ஓரத்தில் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நீ இன்று உட்கார்ந்திருக்கும் ஓரம் உனக்கு எதைக் கற்றுத்தந்துகொண்டிருக்கிறது என்று உனக்கும் இப்போது தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிரு, போதும்.

2021இல் மெல்போர்ன் அணி ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. அப்போது பயிற்சியாளர் வேறொருவர். அந்தக் கோப்பையில் நீலின் பெயர் இல்லை. அதற்குள் அவர் வேறொரு பெரிய ஆட்டத்தில் இருந்தார்.

2025 ஜனவரி 25, கான்பெரா. ஆண்டின் ஆஸ்திரேலியர் விருது மேடை. சக்கர நாற்காலியில் நீல். இந்த நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் நீண்ட காலம் தப்பிப் பிழைக்கும். அதனால் கண்ணின் அசைவைப் படித்து எழுத்தாக்கி, எழுத்தைக் குரலாக்கும் கருவிகள் இருக்கின்றன. ஓர் எழுத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும், இப்படிச் சொல்லுக்குச் சொல் கட்டி எழுப்ப வேண்டும். அப்படியொரு கருவியின் குரலில் ஒரு நாட்டையே பார்த்துப் பேசினார். நோய் தெரிந்த நாளிலிருந்து இரண்டு மூன்று ஆண்டு என்று எண்ணப்படுகிற ஆயுளில், அது பன்னிரண்டாம் ஆண்டு.

மிருகத்தைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை. பணம் ஆய்வகங்களுக்குப் போகிறது. மருந்துச் சோதனைகள் நடக்கின்றன. தொப்பி விற்கிறவர்கள் விற்கிறார்கள்.

உனக்குக் குரல் இருக்கிறதல்லவா? யாரிடம் போய் ஒரு வாய்ப்புக் கேட்க வேண்டும், எந்தப் பாடத்தைச் சொல்லித்தரும்படி கேட்க வேண்டும், எந்தப் பணத்துக்கு, எந்த உதவிக்குக் கேட்க வேண்டும் என்று மாதக்கணக்காக மனத்துக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாய்? 'இல்லை என்று சொல்லிவிட்டால்?' என்ற பயம்தானே உன் வாயைக் கட்டுகிறது? சொல்லட்டும்! நூற்றுப் பதினான்கு முறை சொல்லட்டும். நாளைக் காலை முதல் வேலையாக அந்த வாசலுக்குப் போ. நிமிர்ந்து நின்று, முழுக் குரலில் கேள்.